வாய் திறக்காத மண்டலம்

அந்த வடையைக் கீழ போடுங்க சார். வாயில வைக்காதீங்க. ஐயோ, கடிச்சுட்டீங்களா? சரி, கடிச்சதோட விடுங்க, முழுங்காதீங்க. ஜன்னல் வழியாத் துப்ப வேண்டாம், பின் சீட்டுல பொம்பளைங்க இருக்காங்க. அந்தப் பேப்பர்லயே துப்பிச் சுருட்டிக் காலடியில வைங்க. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல குப்பைத்தொட்டி இருக்கும்.

முறைக்காதீங்க சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நகராட்சியில சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். சர்வீஸ் பூரா இந்தக் கருமத்தைத்தான் பார்த்தேன். வடைச்சட்டிக்குள்ள கரண்டியை விட்டு அடியைக் கிளறச் சொல்வேன். கறுப்பா, பிசுபிசுன்னு ஒண்ணு மேல வரும் பாருங்க, அதைப் பார்த்தவன் ஜென்மத்துக்கும் வடை திங்க மாட்டான். கிரைண்டரை நகர்த்தினா அடியில கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தும். ஒரு ஹோட்டல்ல தண்ணித் தொட்டிக்குள்ள என்ன கிடந்துச்சு தெரியுமா? வேண்டாம், சாப்பிட்ட வாய் உங்களுக்கு.

கோபமாப் பேசறேன்னு நினைக்காதீங்க. நான் இப்போ கோபப்படக் கூடாது. இந்த மண்டலம் முழுக்கக் கோபமே படறதில்லைன்னு எனக்கு நானே சவால் விட்டிருக்கேன். இது கோபமில்ல சார், அருவருப்பு. அருவருப்பு அதுல சேராது. ஆரம்பிக்கும்போதே நல்லா யோசிச்சு வகை பிரிச்சு வச்சுட்டேன்.

என்ன சவாலா? நீங்க கேட்டதால சொல்றேன். பொதுவா நான் இதையெல்லாம் வெளிய சொல்லிக்கறதில்லை.

ரிட்டயர் ஆனவங்களைப் பார்த்திருப்பீங்களே. லுங்கியைக் கட்டிக்கிட்டு, டிவி முன்னாடி சாஞ்சு, தொப்பை மேல தட்டை வச்சு மிக்சர் கொறிக்கறது. பேசிப் பேசி வாயோரம் நுரை தள்ளும், அதைத் துடைக்கக் கூடச் சோம்பேறித்தனம். சீ! எனக்கு வழியனுப்பு விழா நடத்தி, மாலை போட்டு, ஜீப்புல கொண்டுவந்து வீட்டுல விட்டாங்க. மாலையோட கண்ணாடி முன்னாடி நின்னேன். கழுத்துல சதை, கன்னத்துல சதை. அந்த உருவத்தைப் பார்க்க எனக்கே சகிக்கல. அன்னைக்கு முடிவு பண்ணினேன். ஐயப்பனுக்கு மாலை போடறவன் ஒரு மண்டலம் விரதம் இருக்கான்ல? சாமிக்குப் பயந்துக்கிட்டு இருக்கான். யாருக்கும் பயப்படாம, எனக்காக நான் இருந்தா என்ன? ஒரு மண்டலத்துக்கு ஒண்ணை விடணும். முடிஞ்சதும் அடுத்தது. இப்படியே போய் என்னோட எல்லை எதுன்னு பார்த்துடணும். மனுஷனாப் பொறந்தவன் வளர்ந்துக்கிட்டே இருக்கணும் சார், இல்லைன்னா எதுக்கு மூச்சு விடணும்?

முதல்ல காபி. தலை பிளந்துச்சு, விரதத்தை விடல. குணசுந்தரி, என் சம்சாரம், அவ பாட்டுக்கு டபரா செட்டை எடுத்துக்கிட்டு எதிர்ல வந்து உக்காருவா. என் கண்ணு முன்னாடி குடிக்காதேன்னேன். பின்கட்டுல போய்க் குடிச்சா. வாசனை வருதேன்னேன். அப்புறம் அவளும் விட்டுட்டா. பாருங்க, ஒருத்தன் உசந்தா வீடே உசருது.

அடுத்தது மார்கழியில பச்சைத்தண்ணிக் குளியல். விடிகாலையில, மொட்டை மாடியில நின்னு, தொட்டித் தண்ணியை அப்படியே தலையில கவுத்துக்கறது. நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வந்துச்சு. அவ கஷாயம் வச்சுக் குடுத்தா, நெஞ்சுக்கு ஒத்தடம் குடுத்தா, பக்கத்துலயே உக்காந்து அழுதா. ஆனா குளியலை நான் நிறுத்தல. காய்ச்சலோடவே குளிச்சேன். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது வேற அர்த்தத்துலன்னு குணசுந்தரி சொல்லுவா. அவளுக்கு எதையும் நல்லவிதமா எடுத்துக்கத் தெரியாது.

அப்புறம் உப்பு. உப்பில்லாமச் சாப்பிடறது லேசுப்பட்ட காரியமில்லை. எனக்கு மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு மத்ததுல உப்புப் போட்டுக்கறேன்னா. ஒரே வீட்டுல எதுக்கு ரெண்டு குழம்பு, எல்லாரும் ஒண்ணாவே இருந்துடுவோம், உனக்கும் பிரஷர் இருக்குல்லன்னேன். வாயை மூடிக்கிட்டா. ஒருநாள் சாயந்திரம் காய்ஞ்ச துணி எடுக்கப் பின்பக்கம் போறேன். தண்ணித் தொட்டி மறைவுல தாயும் மகளும் குத்துக்கால் வச்சு உக்காந்து, மாங்காயை அரிஞ்சு, உள்ளங்கையில உப்பும் மிளகாப்பொடியும் கொட்டி, தொட்டுத் தொட்டுத் தின்னுக்கிட்டு இருக்காங்க. சிரிப்பு வேற. என் மக சிவரஞ்சனிக்கு வாயெல்லாம் எச்சில், உதட்டோரம் மிளகாப்பொடி. காலேஜ்ல பாடம் நடத்தற பொண்ணு சார்! என்னைப் பார்த்ததும் கையைப் பின்னாடி மறைச்சா. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு சிட்டிகை உப்புக்காக ஒளிஞ்சு திங்கற ஜென்மங்களா என் வீட்டுலன்னு. போய்க் கையைக் கழுவுங்கன்னேன். கழுவினாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமே கேட்டதில்லை. அந்த அளவுக்குக் கட்டுப்பாடு வந்துருச்சு.

இந்தப் பையை அந்தப் பக்கம் நகர்த்திக்கறேன், உங்க முழங்கால்ல இடிக்குது பாருங்க. உள்ள பட்டு வேட்டி இருக்கு. கசங்கக் கூடாது.

விஷயத்துக்கு வர்றேன். காலையில பார்க்குல எங்க வாக்கிங் ஆளுங்க கூடுவாங்க. வரதராஜன்னு ஒருத்தர், பேங்க்ல இருந்தவர். பழச்சாறு வாங்கிக் குடிச்சுட்டு மீசையில ஒட்டினதை நாக்கால நக்குவார். அந்த மனுஷன் சொல்றார், "சார் எதை வேணா விட்டுருவார்ப்பா, பேச்சை மட்டும் விட மாட்டார்." எல்லாரும் சிரிச்சாங்க. ஹோன்னு சிரிச்சாங்க. எனக்குள்ள சுருக்குன்னுச்சு. அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னேன்: நாளையிலேருந்து ஒரு மண்டலம் மௌனம். குணசுந்தரி என்னை நிமிர்ந்து பார்த்தா. அவ முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு சார், பொய் சொல்லக் கூடாது. சந்தோஷப்படறான்னு நினைச்சுக்கிட்டேன். எதுக்குச் சந்தோஷப்பட்டான்னு அப்ப யோசிக்கல.

மௌனம்னா நிஜ மௌனம். சில பேரு சிலேட்டுல எழுதிக் காட்டுவான், போன்ல டைப் அடிச்சுக் காட்டுவான். ஏமாத்து வேலை. எழுத்தும் பேச்சுதானே? நான் எழுதல. சைகை மட்டும்தான். கூப்பிடணும்னா கையைத் தட்டுவேன், வருவா. ஒருதரம் தட்டினா தண்ணி, ரெண்டுதரம் தட்டினா சாப்பாடுன்னு பழக்கி வச்சேன். ஆரம்பத்துல தப்புத் தப்பாக் கொண்டு வருவா. தயிர் கேட்டா தலைகாணி வரும். போகப் போகப் பழகிக்கிட்டா.

இந்த நேரம் பார்த்து ரஞ்சனிக்கு வரன் வருது. செவ்வாய் தோஷம்னு எத்தனையோ இடம் தட்டிப்போன பொண்ணு. இது திண்டுக்கல் இடம். பையன் ஓசூர் கம்பெனியில இன்ஜினியர். ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டாங்க, பிடிச்சுப் போச்சு. அவ முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கண்ணாடி பார்ப்பா. அடுத்து ஆடி வருது. ஆடிக்கு முன்னாடி நிச்சயத்தை முடிச்சுடணும்னு அவங்க சொல்றாங்க. இருக்கற ஒரே முகூர்த்தம் என் மண்டலத்துக்கு நட்ட நடுவுல விழுது.

குணசுந்தரி வந்து காலடியில உக்காந்தா. "ஏங்க, அன்னைக்கு ஒரு நாள் பேசிடுங்க. ஒரு நாள் கூட வேண்டாம், சபையில கேக்கறதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க. அப்புறம் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுக்கங்க"ன்னா.

முதல்லேருந்தாம்! எப்படிச் சொல்றா பாருங்க. குண்டான் பால்ல பல்லி விழுந்தா, பல்லியை எடுத்துட்டு அந்தப் பாலைக் காய்ச்சிக் குடிப்பாளா? ஒரு வார்த்தை விழுந்தாலும் போச்சுல்ல சார்? முடியாதுன்னு தலையை ஆட்டினேன். அவ எழுந்து போயிட்டா.

நிச்சயத்தன்னைக்குக் காலையிலேயே அவ தம்பி செல்லமுத்து வந்துட்டான். பஜ்ஜிக் கடை வச்சிருக்கான் சார். என் மச்சினன் பஜ்ஜிக் கடை. வெளிய சொல்லவே நா கூசும். மாசக்கணக்குல எண்ணெய் மாத்த மாட்டான். எத்தனை தடவை அவன் கடைக்கே போய், எல்லார் முன்னாடியும் சட்டியைக் கவுத்திருக்கேன் தெரியுமா? அக்கா புருஷன்னு பேசாம நிப்பான். ஆள் வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடிச்சு வந்திருந்தான். அதையும் மீறிக்கிட்டு அந்தக் காறல் எண்ணெய் வாடை. ஜமக்காளம் விரிக்கறான், சேர் போடறான், வந்தவங்களை வாங்க வாங்கங்கறான். அந்தக் கையால வெத்தலைத் தட்டை வேற எடுத்து வைக்கறான். வைக்காதேன்னு சொல்லவும் முடியாது.

சபை கூடிருச்சு. நான் நடுவுல. எதிர்ல சம்பந்தி, அவரோட அண்ணன், பெரிய மீசை, பழங்காலத்து ஆளு. தட்டு ரெண்டு பக்கமும் வச்சாச்சு. உங்களுக்குத் தெரியாததில்லை, சபையறிய மூணு தரம் கேப்பாங்க, பொண்ணோட அப்பன் வாயைத் திறந்து மூணு தரம் சொல்லணும், அப்புறம்தான் தட்டு மாத்தறது. பெரியவர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "நல்லசாமி, உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதமா?"ன்னார். நான் நல்லா அழுத்தமாத் தலையை ஆட்டினேன். சிரிச்ச முகமா வேற ஆட்டினேன்.

"தலையை ஆட்டினா எப்படி? வாயால சொல்லணும்ல"ன்னார். நான் கையைக் கூப்பினேன். வாய்க்கு நேரா விரலை வச்சு, மேல காட்டினேன். விரதம்னு அர்த்தம். அவருக்கு என்ன விளங்குச்சோ, "மேல இருக்கறவன் பார்த்துக்குவான்னு சொல்றாரா? இவருக்கு இஷ்டம் இல்லையா?"ன்னு சம்பந்தி பக்கம் திரும்பிட்டார். குணசுந்தரி முன்னால வந்து, "விரதம் இருக்காருங்க, பேசக் கூடாது"ன்னா. "இன்னைக்குக் கூடவா? பொண்ணு நிச்சயத்துல பேசாம இருக்கறது எந்தச் சாமிக்குமா விரதம்?" அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. எந்தச் சாமிக்கும் இல்லைல்ல.

அந்தப் பக்கம் பொம்பளைங்க குசுகுசுன்னாங்க. அப்பனுக்குப் பிடிக்கலையாம். பொண்ணுக்கு ஏதோ குறை இருக்காம், பொய் சொல்லப் பயந்துக்கிட்டு வாயைத் திறக்கலையாம். எல்லாம் என் காதுல விழுது. எங்கே தப்புக் கண்டுபிடிக்கலாம்னு அலையற நாக்குங்க சார், சாக்கடை தேவலை.

ரெண்டாந்தரம் கேட்டார். ரஞ்சனி உள்ளேருந்து எழுந்து வந்துட்டா. கல்யாணப் பொண்ணு சபைக்கு நடுவுல அப்படி வரக் கூடாது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. எனக்கு நேரா வந்து நின்னு, "அப்பா"ன்னா. வேற ஒண்ணுமே சொல்லல. மெதுவா, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி, மறுபடியும் "அப்பா"ன்னா.

சார், அந்த நிமிஷத்தை நான் உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்? தொண்டை வரைக்கும் வந்துருச்சு. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுத் துடிக்குது. உடம்பெல்லாம் வேர்க்குது. காபியெல்லாம் என்ன, உப்பெல்லாம் என்ன, இதுக்கு முன்னாடி எல்லாம் தூசு. இதுதான் எல்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இதைத் தாண்டிட்டா நான் ஜெயிச்சேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். பல்லைக் கடிச்சேன். முழுங்கினேன் சார். அந்த வார்த்தையை அப்படியே முழுங்கினேன். தாண்டிட்டேன்! எத்தனை பேருக்கு அது முடியும், சொல்லுங்க?

கண்ணைத் திறந்து பார்த்தா செல்லமுத்து எழுந்து நிக்கறான். "தாய்மாமன் நான் சொல்றேங்க. என் அக்கா மகளைக் குடுக்கச் சம்மதம்"ங்கறான். பெரியவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சரின்னு மறுபடி முதல்லேருந்து கேக்க ஆரம்பிச்சார். அவன் மூணு தரமும் சொல்றான். குரல் வேற கணீர்னு. கடையில கூவிக் கூவிப் பழகின குரலு. தட்டை வாங்கிக்கறான். எண்ணெய்க் கை சார், நகக்கண்ணுல கடலமாவு இருக்கும். எல்லாரும் கை தட்டறாங்க. சம்பந்தி அவனைக் கட்டிப் பிடிச்சுக்கறார். ரஞ்சனி அவன் கால்ல விழறா. என் கால்லயும் விழுந்தா, அப்புறமா. எனக்கு அருவருப்புன்னா அப்படி ஒரு அருவருப்பு. நான் ஒரு வார்த்தை சொல்லாம என் உசிரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், இவன் ஒரு கஷ்டமும் படாம மூணு தரம் சொல்லிட்டுப் பேர் வாங்கிக்கிட்டுப் போறான்.

விருந்து முடிஞ்சு எல்லாரும் போனதும் வீடு அமைதியா இருந்துச்சு. நான் கையைத் தட்டினேன். தண்ணிக்கு. யாரும் வரல. மறுபடி தட்டினேன். நானே போய் மோந்து குடிச்சேன்.

மண்டலம் முடியறதுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. ஒரு காலையில குணசுந்தரி பையோட வாசல்ல நிக்கறா. ரஞ்சனி ஆட்டோவுல உக்காந்தாச்சு. "கல்யாண வேலையெல்லாம் தம்பி வீட்டுலேருந்து பார்த்துக்கறோம். அங்க பேச ஆள் இருக்கு"ன்னா. அப்புறம் செருப்பை மாட்டினவ மாட்டின காலோட திரும்பி நின்னா. "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போகல"ன்னா. என்ன ஒரு குரூரம் பாருங்க சார்! இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குன்னு தெரியும் அவளுக்கு. தெரிஞ்சே என்னைக் கவுக்கப் பார்க்கறா. நான் பொறு பொறுன்னு கையைக் காட்டினேன். காலண்டர் பக்கம் காட்டினேன். அவ காலண்டரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. கேட்டைச் சாத்திட்டுப் போயிட்டா. அதைக் கூட மெதுவாத்தான் சாத்தினா.

மண்டலம் முடிஞ்சன்னைக்குக் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏத்தினேன். முதல் வார்த்தை என்ன பேசறதுன்னு நான் யோசிச்சே வச்சிருந்தேன். குணசுந்தரியை முழுப் பேரு சொல்லிக் கூப்பிடணும்னு. கல்யாணமானதுலேருந்து "இந்தா", "ஏய்"தான், பேரு சொன்னதில்லை. ஆள் இல்லையே! ரெண்டு நாள் போனை எடுக்கவும் இல்லை. சிலிண்டர்காரன் வந்து பெல் அடிச்சான். "வேண்டாம்ப்பா"ன்னேன். அவ்வளவு பெரிய விரதத்தை அவன்கிட்டப் போய் முடிச்சேன். குரல் வேற கம்மிப் போயிருந்துச்சு, என்ன சார் உடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டுப் போனான்.

பார்க்குல போய்ச் சொன்னேன். நிச்சயத்துல நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன், மக வந்து நின்னது, நான் அடக்கினது. வரதராஜன் எழுந்து கை குடுப்பார்னு பார்த்தேன்.  அந்த மனுஷன், "பாவம் சார் பொண்ணு"ங்கறார். பொண்ணாம்! வேர்த்தது யாருக்கு? பல்லைக் கடிச்சது யாரு? த்தூ, மனுஷங்களா இவங்க. அன்னையிலேருந்து அந்தப் பார்க் பக்கமே போறதில்லை. தனியா பைபாஸ் ரோட்டுல நடக்கறேன்.

போன வாரம் வந்தாங்க சார். செல்லமுத்து, அவன் பொண்டாட்டி, ரஞ்சனி. குணசுந்தரி வரல. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பத்திரிகை. என் முன்னாடி நீட்டி, "அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க"ன்னுட்டான், வாய் தவறி. கூறு கெட்டவன். நாலு வீட்டுல சொல்லிச் சொல்லி அதே வாயில வந்துருச்சு. என்ன குடும்பத்தோட? அவன் வீட்டுல இருக்கறதுதானே சார் என் குடும்பம்? சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைப்பு! எந்த ஊர்லயாவது பெத்த அப்பனுக்குத் தாம்பூலம் வச்சு அழைச்சதை நீங்க கேட்டிருக்கீங்களா? ஒண்ணுவிட்ட சித்தப்பன் மாதிரி நிக்க வச்சுட்டாங்க.

நான் கோபப்படல. அந்த மண்டலம் அப்பத்தான் ஆரம்பிச்சிருந்தேன். நிதானமாக் கேட்டேன், "தாரை வார்க்கறது யாரு?"

செல்லமுத்து தரையைப் பார்த்தான். "மச்சான், சபையில சம்மதம் சொன்ன வாய்தான் தாரையும் வார்க்கணும்னு சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒத்தைக் கால்ல நிக்கறாருங்க"ன்னான். நான் ரஞ்சனியைப் பார்த்தேன். அவ சொல்லுவான்னு பார்த்தேன், எங்க அப்பாதான் உக்காரணும்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "அய்யர் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும்பா. அன்னைக்கு நீங்க எந்த மண்டலத்துல இருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" கோபமாச் சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்லை. கரன்ட் போகுமா போகாதான்னு கேக்கற மாதிரி சாதாரணமாச் சொன்னா. எனக்கு நெஞ்சு வலிச்சுப் போச்சு சார். நிஜமாவே இந்த இடத்துல வலிச்சுச்சு.

இன்னைக்குத்தான் முகூர்த்தம், மாப்பிள்ளை ஊர்லயே. இப்ப அங்கதான் போயிட்டிருக்கேன். நேத்தே வேன்ல எல்லாரும் போயிட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க, கூப்பிடாம இல்லை. செல்லமுத்து பக்கத்துல, அந்த வாடையில, ஏசி வேன்ல என்னால உக்கார முடியாது. அதான் பஸ். கிளம்பும்போது என்ன முடிவோட கிளம்பினேன் தெரியுமா? நேரா மேடைக்குப் போறது, எந்திரிடான்னு அவன் தோளைத் தட்டறது, மணையில நான் உக்காந்துக்கறது. என் பொண்ணு கையைப் பிடிச்சுக் குடுக்க எனக்கில்லாத உரிமை எவனுக்கு? எவன் தடுப்பான்னு பார்க்கறேன்.

என்ன சார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? பண்ணலாம்தானே?

சொல்லுங்க. பண்ணினா என்ன? நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டு எறக்கி விட்டுருவாங்களா? குணசுந்தரி அங்கதான் நிப்பா, பக்கத்துல. அவ சொல்லணும், எந்திரி தம்பி, அவர் உக்காரட்டும்னு. சொல்ல மாட்டாளா? ஒரு வார்த்தைதானே. அவ வாயைத் திறக்காம என்னைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?

வேடசந்தூர் தாண்டிருச்சுல்ல? எப்பத் தாண்டுச்சு? என்னத்துக்கு இந்த டிரைவர் இப்படி ஓட்டறான், மனுஷன் குடல் வாய்க்கு வருது.

நீங்க திண்டுக்கல்ல எங்க சார் போகணும்? சொந்த வேலையா? அவசரமா? இல்லை, சும்மாத்தான் கேட்டேன். மண்டபம் பஸ் ஸ்டாண்டுலேருந்து ரொம்ப தூரமில்லை, ஆட்டோவுல போயிடலாம். நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டுப் பழக்கமில்லாதவன். வாசல்ல பன்னீர் தெளிக்க மாப்பிள்ளை வீட்டுச் சின்னப் பொண்ணுங்க நிப்பாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க யாரு, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடான்னு கேப்பாங்க. நானே என் வாயால, பொண்ணோட அப்பான்னு சொன்னா, அப்ப மேடையில உக்காந்திருக்கறது யாருன்னு ஒருத்தி கேட்டுட்டா?

நீங்க கூட வாங்க சார். கொஞ்ச நேரம்தான். என் பக்கத்துல நின்னு, "இவருதான் பொண்ணோட அப்பா"ன்னு நீங்க சொல்லிடுங்க. நான் தலையை மட்டும் ஆட்டிக்கறேன்.